சுடுதண்ணி அலுமாரியில் வாத்து முட்டைகள்

என் கணவரின் அக்காவை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லிப் பலர் புத்தி சொல்லியிருக்கிறார்கள். கோயில் வாசலில் சொன்னார்கள், தொலைபேசியில் சொன்னார்கள், ஒருமுறை பஸ்ஸில் முன் சீட்டிலிருந்து திரும்பி ஒரு மனுஷி சொன்னார். எல்லாருக்கும் தலையாட்டினேன். ஆனால் நான் அவருக்குச் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு குளிர்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் கலியாணம் பேசி என்னை லண்டனுக்கு அனுப்பினார்கள். வந்து இறங்கியது டூட்டிங்கில், மச்சாளின் வீட்டில். மச்சாள் என்றால் இந்தக் கதை முழுக்க என் கணவரின் அக்காதான். அவருடைய கணவர் எனக்கு அண்ணை முறை. அவர்களுக்கு ஒரே மகள். கீழ்த்தளம் அவர்களுடையது, மேலே பின்பக்க அறை எங்களுடையது. அந்த அறையின் மூலையில் ஓர் அலுமாரி இருந்தது. அதற்குள்தான் வீட்டுக்கே சுடுதண்ணி கொடுக்கும் செப்புத் தொட்டி. குளிர்காலத்தில் துவாய்களை அதன் மேல் மடித்து வைத்தால் காலையில் வெதுவெதுப்பாக இருக்கும். அந்த வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே சுகம் அதுதான்.

மச்சாள் கடும் சைவம். பிஸ்கட் பெட்டியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாக வாசித்து, முட்டை என்று ஒரு சொல் கிடந்தால் கடைக்கே திருப்பி அனுப்புவார். ஊரில் இருந்த காலத்தில் நண்டுக்கால் உடைப்பதில் அக்காவை யாரும் வெல்ல ஏலாது என்று என் கணவரே ஒருநாள் வாய் தவறிச் சொன்னார். லண்டனுக்கு வந்து, கோயில் மாதர் சங்கத்தில் சேர்ந்து, அதற்குத் தலைவியான பிறகுதான் இந்தச் சைவம். அண்ணைக்கும் அதே சைவம் விதிக்கப்பட்டது. பாவம் அந்த மனுஷன். வேலை முடிந்து வந்து தெருமுனையில் காரை நிறுத்திவிட்டு, உள்ளேயே இருந்து மீனும் சிப்ஸும் சாப்பிட்டு, வாயில் மின்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் வருவதை மேல் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. வருடங்கள் போகப் போக அது அந்த வீட்டின் பேச்சாகிவிட்டது. மச்சாள் என்னிடம் நேரே ஒன்றும் கேட்க மாட்டார். சமையலறையில் நான் நிற்கும்போது வேறு யாருக்கோ சொல்வதுபோல, "சில பேரின்ரை வயிறு அப்பிடித்தான்" என்பார். யாராவது கர்ப்பமாக வந்தால் என்னை மேலே போய்த் துணி மடிக்கச் சொல்லுவார். நான் மடித்தேன்.

பிறகு மச்சாளின் மகள் பெரியபிள்ளையானாள். ஸ்ட்ரெதமில் ஒரு மண்டபம் எடுத்துச் சாமத்திய வீடு வைத்தார்கள். எங்கள் வழக்கத்தில் அந்தச் சடங்கில் தாய்மாமனுக்கும் அவன் மனைவிக்கும்தான் முதல் இடம். மாமன் தேங்காய் உடைப்பார், மாமி முதல் ஆராத்தி எடுப்பாள். மாமி நான்தான். அதற்காகவே ஊரிலிருந்து அம்மா அனுப்பிய மாம்பழ நிறப் பட்டுச்சேலையைக் கட்டியிருந்தேன். பலகாரம் முழுக்க நான் சுட்டது. பயிற்றம் பணியாரம் சுட்ட எண்ணெய் தெறித்து முழங்கை எல்லாம் கொப்புளம்.

நாதஸ்வர கசெட் ஓடிக்கொண்டிருந்தது. என் கணவர் தேங்காயை உடைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். நான் தட்டை எடுத்துக்கொண்டு மேடையில் ஏறினேன். வீடியோக்காரன் விளக்கை என் முகத்தில் அடித்தான். அப்போது மச்சாள் வந்தார். முகத்தில் இருந்த சிரிப்பு மாறவேயில்லை. தட்டின் மறுபக்கத்தைப் பிடித்து, மெல்லத்தான் சொன்னார், ஆனால் முன்வரிசைக்குக் கேட்டது.

"நீர் விடும். பிள்ளை பெத்த கை எடுக்கட்டும்."

நான் விடவில்லை. விடக் கூடாது என்று நினைத்தல்ல, கை அப்படியே நின்றுவிட்டது. அவர் இழுத்தார். தட்டிலிருந்த திரி ஒன்று அணைந்தது. அடுத்த வீட்டு மனுஷி ஒருத்தியைக் கூப்பிட்டுத் தட்டைக் கொடுத்தார். என் இரண்டு கையும் தட்டைப் பிடித்த மாதிரியே கொஞ்ச நேரம் நீட்டிக்கொண்டு நின்றன.

இதோடு முடிந்திருந்தால் ஒருவேளை காலப்போக்கில் ஆறியிருப்பேன். ஆனால் வீடியோ வந்தது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் மச்சாள் அந்தக் கசெட்டைப் போட்டுக் காட்டினார். நான் தேத்தண்ணித் தட்டத்தோடு வரும் நேரத்தில், திரையில் நான் தட்டோடு ஏறுவேன். மச்சாள் வருவார், இழுப்பார். நீட்டின கையோடு நான் நிற்பேன். வந்தவர்கள் திரையைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள், பிறகு பிஸ்கட்டைப் பார்ப்பார்கள். அந்த இடத்தை வெட்டச் சொல்லுங்கோ என்று கணவரிடம் கெஞ்சினேன்.

"அதிலை நாதஸ்வரம் ஓடுது. வெட்டினா பாட்டு அறுந்துபோம். சும்மா இரும், அக்கா ஏதோ பழக்கத்தில சொல்லிப்போட்டா" என்றார்.

நான் சும்மா இருந்தேன். ஆனால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் செய்த ஒவ்வொரு வேலையையும் ஒரு நாளை எதிர்பார்த்தே செய்தேன். என்ன நாள் என்று எனக்கே தெரியாது.

அப்போது நான் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் வேலை. பெரிய இஸ்திரி உருளையின் ஒரு பக்கம் நான் விரிப்பைக் கொடுக்க, மறுபக்கம் ஒரு பிலிப்பைன்ஸ்காரி வாங்குவாள். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவள். சத்தமாகச் சிரிப்பாள், பிங்கோவில் தோற்றால் அடுத்த நாள் முழுக்க இயந்திரத்தைத் திட்டுவாள். லண்டனுக்கு அவளை முதலில் கூட்டிவந்தது ஒரு பணக்காரக் குடும்பம். அந்த வீட்டுக்காரி இரவில் குளிர்ப்பெட்டிக்குப் பூட்டுப் போடுவாளாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் சிரிப்பதில்லை. நாங்கள் பேசிக்கொண்டது இருவருடைய உடைந்த ஆங்கிலத்தில். இங்கே நான் தமிழில் தருகிறேன்.

ஒருநாள் மதிய இடைவேளையில் அவள் பையிலிருந்து துணியில் சுற்றிய சூடான முட்டை இரண்டை எடுத்தாள். கோழி முட்டையைவிடப் பெரிது, இலேசான பச்சை. வாத்து முட்டை. எங்கள் ஊரில் தாரா முட்டை என்போம்.

"தாரா முட்டையோ?" என்றேன்.

"ஓம். ஆனா உள்ளுக்கு ஆள் இருக்கு."

எனக்கு விளங்கவில்லை. அவள் முட்டையின் அகன்ற பக்கத்தை மேசையில் தட்டி, ஓட்டில் சின்னத் துளை போட்டு, ஒரு துளி வினாகிரி விட்டு, வாயை வைத்து உறிஞ்சினாள். கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு ஓட்டை உரித்தாள். மஞ்சள் கருவின் மேல் நீல நரம்புகள். அதன் பக்கத்தில், தலையை மடக்கிக்கொண்டு, ஈரமான மெல்லிய தூவலோடு ஒரு குஞ்சு. சின்ன அலகு. மூடிய கண். அடைவைத்து, பொரிக்க முன்னம் அவித்த முட்டை. அதன் பெயர் பலூட் என்றாள்.

நான் கதிரையைப் பின்னுக்குத் தள்ளினேன். பக்கத்து மேசையில் இருந்த வெள்ளைக்காரிகள் இருவர் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனார்கள். அவள் அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எங்கட நாட்டில ஆம்பிளையள் பலத்துக்குச் சாப்பிடுவாங்கள். பிள்ளை வேணும் எண்டிற பொம்பிளையளுக்கும் குடுப்பினம்" என்றாள். என் கதை அவளுக்குத் தெரியும். என்றாலும் பாவம் பார்த்துச் சொல்கிற குரல் இல்லை. "வேலை செய்யுமோ எண்டு கேக்காதே. எனக்குத் தெரியாது. ருசியா இருக்கும். அது மட்டும் தெரியும்."

முதல் நாள் மாலைதான் மச்சாள் யாருக்கோ அந்தக் கசெட்டைப் போட்டுக் காட்டியிருந்தார். நான் இரண்டாவது முட்டையைக் கையில் எடுத்தேன். இதை மச்சாள் கண்டால் என்ன செய்வார் என்ற நினைப்பு வந்தது. அந்த நினைப்பே என் கையை வாய்க்குக் கொண்டுபோனது.

முதலில் ஓட்டுக்குள் இருந்த சாறு. கோழி இரசத்தைக் கடைசிவரை வற்றவிட்டது போல உப்பும் கனமும். மஞ்சள் கரு ஈரலைப் போல அடர்த்தி. குஞ்சை வாயில் போட்டபோது கண்ணை மூடவில்லை. மெத்தென்றிருந்தது. எலும்பு பல்லில் நெருநெருவென்று ஒரு கணம் பட்டுப் போய்விட்டது. தூவல் மட்டும் நாக்கில் ஒட்டியது. அதை விரலால் எடுத்துப் பார்த்தேன். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பசிதான் வந்தது.

"இன்னொண்டு இருக்கோ?" என்று கேட்டேன். அவள் மேசையில் அடித்துச் சிரித்தாள்.

கென்ட் பக்கத்தில் வாத்து வளர்க்கும் கிழவர் ஒருவரிடமிருந்து அவளுடைய உறவினன் முட்டை வாங்கி வருவானாம். அடைவைப்பதுதான் சிக்கல். ஸ்ட்ரெதமில் அவள் இருந்த பிளாட்டில் சூடு நிலையாக நிற்காது. பாதி முட்டை கூழாகிவிடும். எங்கள் அறையில் சுடுதண்ணித் தொட்டி அலுமாரி இருக்கிறது என்று நானாகத்தான் சொன்னேன்.

பின்னல் பைக்குள் நூல் உருண்டைகளுக்கு அடியில் வைத்து முட்டைகளைக் கொண்டுவந்தேன். துவாய்களுக்குள் புதைத்து, ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் வைத்தேன். காலையில் வேலைக்குப் போகுமுன்னும், வந்த பிறகும் ஒவ்வொன்றாகப் புரட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் கரு ஓட்டில் ஒட்டிக்கொள்ளும். கொஞ்ச நாளில் டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் சிவப்பு நரம்புகள் ஓடுவது தெரியும். நடுவில் ஒரு கரும்புள்ளி அசையும். நான் மலடியென்று சொன்னவரின் வீட்டில், அவர் குளிக்கிற சுடுதண்ணியின் சூட்டில், நான் அடைகாத்தேன். முட்டையைப் புரட்டும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்வேன். கீழே அவர் தேவாரம் பாடிக்கொண்டிருப்பார்.

என் கணவருக்குத் தெரியும். அவர் ஒரு தடவை அலுமாரியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். அவருடைய குணம் அது. எதையும் மூடிவிட்டால் இல்லை என்று நினைத்துக்கொள்வார்.

இப்படி இரண்டு மூன்று முறை அடைவைத்து எடுத்தோம். அவிப்பது தோழியின் பிளாட்டில். பங்கு எனக்கும் வரும். அதற்கு மேல் எனக்கு அப்போது ஒரு திட்டமும் இருக்கவில்லை. அண்ணைதான் வந்து மாட்டினார்.

தொட்டியில் ஏதோ ஒழுகுகிறது என்று ஸ்பனரோடு மேலே வந்தவர் நான் தடுக்குமுன் அலுமாரியைத் திறந்து துவாயைத் தூக்கிவிட்டார். ஒரு முட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

"தங்கச்சி, இதென்ன?"

நான் ஒளிக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், குஞ்சு, தூவல், வினாகிரி, சாறு எல்லாம். அவர் வாசல் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"எப்பிடி இருக்கும்?"

அடுத்த கிழமை தோட்டத்துக் கொட்டிலில், மண்ணெண்ணெய் அடுப்பில் அவித்து, அவருக்கு முதல் முட்டையைக் கொடுத்தேன். இத்தனை வருடச் சைவம் அந்த முகத்திலிருந்து கழன்று விழுவதைப் பார்த்தேன். ஓட்டுக்குள் விரலை விட்டு வழித்து நக்கினார். அதற்குப் பிறகு என்னைக் கண்டால், "அடுத்தது எப்ப தங்கச்சி?" என்று கண்ணாலேயே கேட்பார். கோயில் நிர்வாகத்தில் இருந்த தன் கூட்டாளிகள் இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டார். பூந்தோட்ட வேலை என்று சொல்லிக்கொண்டு மூவரும் பியர் கானோடு கொட்டிலுக்குள் போய்க் கதவைச் சாத்துவார்கள். அந்தத் தோட்டத்தில் ஒரு ரோசாச் செடிகூட இருந்ததில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் கீழே தொலைபேசியில் மச்சாள் கொழும்புக்குக் கதைத்துக்கொண்டிருந்தார். நான் படியில் நின்றேன். அவர் என்னைக் காணவில்லை.

"தம்பிக்கு இன்னும் வயசிருக்கு. இவவை ஊருக்கு அனுப்பிப்போட்டு அலுவலைப் பாக்கலாம். நல்ல குடும்பத்துப் பிள்ளை எண்டா படத்தை அனுப்புங்கோ" என்றார்.

பக்கத்துக் கதிரையில் என் கணவர் இருந்தார். பத்திரிகையின் பக்கத்தைத் திருப்பினார்.

நான் திரும்பி மேலே போனேன். அலுமாரியைத் திறந்து முட்டைகளைப் புரட்டினேன். அப்போதுதான் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. கந்தசஷ்டி வருகிறது. அந்த விரத நாட்களில் மாதர் சங்கம் முழுக்க எங்கள் வீட்டில்தான் கூடும். முட்டைகள் அந்த நேரத்துக்குச் சரியாகப் பதத்துக்கு வரும்.

விரதத்தின் நாட்களில் ஒன்று சனிக்கிழமையில் விழுந்தது. மத்தியானமே பெண்கள் வந்துவிட்டார்கள். முன்னறையில் பாய் விரித்து, சுவாமிப் படத்துக்கு முன்னால் பாடிக்கொண்டிருந்தார்கள். மச்சாள் நடுவில். பச்சைத் தண்ணியோடு இருக்கிறேன் என்று வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். "இவரும் அப்பிடித்தான், ஒரு பழம்கூட வாயில வைக்கேல்லை" என்று புருஷனுக்கும் சேர்த்து.

காலையிலேயே நான் அண்ணையிடம் சொல்லியிருந்தேன்.

"அண்ணை, முட்டை பதமாயிட்டுது."

"இண்டைக்கோ? விரதமெல்லோ?"

"நாளைக்குப் பொறுக்காது. குஞ்சு வளர்ந்திடும். இவையள் முன்னறையை விட்டு அசையமாட்டினம். நீங்கள் யோசியுங்கோ."

அவர் யோசித்தார். ஏறக்குறைய ஒரு மூச்சு நேரம்.

பாட்டுகள் முடிந்து, விரதம் முடிக்கும் நாளுக்கு எவ்வளவு பொங்கல், எத்தனை கறி என்ற பேச்சு வந்தது. பெரிய கிடாரம் வேண்டும். அது கொட்டிலில் இருந்தது. மச்சாள் என் பக்கம் திரும்பாமலே, "போய்க் கிடாரத்தை எடுத்துக்கொண்டு வாரும்" என்றார்.

இந்தச் சொல்லுக்காகத்தான் நான் வாசலில் நின்றேன்.

"நான் எடுக்கிறதோ மச்சாள்? சாமிக்குப் பொங்கிற கிடாரம். பிள்ளை பெத்த கை எடுக்கட்டும். நீங்களே வாங்கோ, இவையளும் வரட்டும். பாரம் கூட."

பாயில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பலர் அந்த வீடியோவைப் பார்த்தவர்கள். மச்சாள் என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழும்பினார். அவர் பின்னால் ஐந்தாறு பெண்கள். கடைசியாக நான்.

கொட்டில் கதவைத் திறந்தது மச்சாளின் கை. அதை நான் எத்தனையோ தடவை நினைத்து மகிழ்ந்திருக்கிறேன்.

உள்ளே ஹீட்டரின் சிவப்பு வெளிச்சம். தலைகீழாகக் கவிழ்த்த கிடாரத்தின் மேல் உப்பு, பச்சைமிளகாய் போட்ட வினாகிரி, பியர் கான்கள், உடைந்த ஓடுகள். கோயில் நிர்வாகத்து இரண்டு பேரும் நெற்றியில் திருநீற்றோடு. நடுவில் அண்ணை. பாதி உரித்த முட்டை வாயில். ஓட்டுக்கு வெளியே ஒரு சின்னத் தலையும் அலகும் தொங்கிக்கொண்டிருந்தன.

"ஐயோ, குஞ்சு! குஞ்சைத் தின்னுறார்!" என்று ஒருத்தி அலறினார். இன்னொருத்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வேலிப்பக்கம் ஓடினார்.

அண்ணைக்கு விழுங்கவும் ஏலவில்லை, துப்பவும் ஏலவில்லை. கடைசியில் விழுங்கினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இது... மருந்து" என்றார்.

கூட்டத்தில் வயது போன ஓர் அம்மா. காது கொஞ்சம் மந்தம், ஆனால் விசாரிக்காமல் விடமாட்டார்.

"என்னத்துக்குத் தம்பி மருந்து?"

அண்ணை ஓட்டைக் கீழே வைத்தார். பக்கத்தில் இருந்த கூட்டாளிக்குப் பியர் ஏறியிருந்தது. உதவி செய்வதாக நினைத்து அவர்தான் சொன்னார்.

"அது வந்து அம்மா, ஆம்பிளையளின்ரை பலத்துக்கு."

அங்கே நின்ற பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் மச்சாளைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் காத்திருந்தது அந்தப் பார்வைக்குத்தான். நான் தேத்தண்ணித் தட்டத்தோடு நின்ற காலமெல்லாம் என்னைப் பார்த்த அதே பார்வை. மேலிருந்து தொடங்கி, வயிற்றில் நின்று, விலகிப்போகிற பார்வை. மச்சாளின் முகம் சிவந்து, பிறகு சாம்பலாக வெளுத்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு இரக்கம் வரவில்லை. வரும் என்று பயந்திருந்தேன். வராதது பெரிய நிம்மதி.

கிடாரத்தை யாரும் எடுக்கவில்லை. பெண்கள் கோட்டையும் சப்பாத்தையும் தேடிப் போட்டுக்கொண்டு, போட்டு வாறம் என்று ஒவ்வொருவராகக் கழன்றார்கள். அன்று பொழுதுபடுமுன் அப்பர் டூட்டிங் ரோட்டுக் கடைகளில் கதை பரவிவிட்டது. வாய்க்கு வாய் குஞ்சு வளர்ந்து கோழியாகி, மச்சாளின் புருஷன் பலத்துக்கு ஆஸ்பத்திரியில் ஊசியும் போட்டுக்கொள்கிறார் என்று கேட்டவர்களும் உண்டு. நான் திருத்தவில்லை.

வீடு வெறுமையானதும் மச்சாள் சமையலறைக்கு வந்தார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

"நீர்தானே செய்தனீர்?"

"ஓம் மச்சாள். நான்தான்."

மறுப்பேன் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும்.

"நான் உமக்கு என்ன செய்தனான்? வீட்டில வைச்சுச் சோறு போட்டனான். ஏன் இப்பிடிச் செய்தனீர்?"

"கசெட்டிலை இருக்கு. போட்டுப் பாருங்கோ" என்றேன். கையைத் துடைத்துவிட்டு மேலே போனேன்.

அன்றைக்கே என் கணவரிடம் சொன்னேன். "நான் போறன். உங்களுக்கு வேற கலியாணம் வேணுமெண்டா இஞ்சை இருங்கோ. என்னோட வாறதெண்டா பெட்டியை அடுக்குங்கோ." அவர் வெகுநேரம் கட்டிலில் இருந்தார். பிறகு எழும்பித் தன் சட்டைகளை மடிக்கத் தொடங்கினார். வாழ்க்கையில் அவர் தானாக எடுத்த முடிவு அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். குட்மேய்ஸில் ஒரு சின்ன வீட்டின் மேல்மாடிக்குப் போனோம். அவரோடு நான் அன்பாகத்தான் வாழ்ந்தேன். ஆனால் அவர் பத்திரிகைப் பக்கம் திருப்பும் சத்தம் கேட்டால் பல வருடம்வரை எனக்கு உடம்பு எரியும்.

தோழியிடம் கதையைச் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்ட முதல் கேள்வி வேறு.

"மிச்ச முட்டையள் எங்க?"

"மச்சாள் குப்பையில போட்டிட்டா."

அவளுக்கு வந்த கோபத்தைப் போல நான் கண்டதில்லை. விரிப்பை உருளையில் கொடுக்காமல் நிலத்தில் போட்டாள். "கென்டிலிருந்து மடியில வைச்சுக் கொண்டுவந்த முட்டை! நீ அடைகாத்த முட்டை! அந்தப் பொம்பிளையைப் பழிவாங்க ஒரு முட்டை போதாதோ?" என்றாள். ஒரு கிழமை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள் வேலை நடுவில் தானாகச் சிரிக்கத் தொடங்கினாள். "ஆம்பிளையளின்ரை பலம்!" என்றாள். அன்றைக்கு விரிப்புகள் எல்லாம் கோணலாகத்தான் மடிந்தன. சில வருடங்களில் அவள் கனடாவுக்குத் தன் தங்கையிடம் போய்விட்டாள்.

மச்சாள் மாதர் சங்கத் தலைவி வேலையை விட்டார். உடம்பு சரியில்லை என்று சொன்னாராம். கொழும்புத் தொலைபேசிப் பேச்சும் நின்றது. தன் வீட்டுக் கதை அங்கேயும் போய்ச் சேர்ந்த பிறகு, தம்பிக்கு எந்த வாயால் பெண் கேட்பார்? ஆனால் நான் எண்ணியிராத ஒன்று அண்ணைக்கு நடந்தது. ஒளிக்க இனி ஒன்றும் இல்லை என்று ஆனதும் மனுஷன் விடுதலையாகிவிட்டார். வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் மீன் வாங்கிவந்து, மச்சாளின் அடுப்பிலேயே, மச்சாளின் சட்டியிலேயே தானே பொரித்தாராம். சூடை மீன் பொரியலின் மணம் அந்த வீட்டுத் திரைச்சீலைகளிலும் சுவாமி அறையிலும் ஊறிவிட்டதென்று போய்வந்தவர்கள் சொன்னார்கள். இதைக் கேட்ட அன்று நான் பாயாசம் வைத்தேன்.

எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அந்த முட்டைகள் அதற்கு ஒன்றும் செய்யவில்லை, நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள் மச்சாளின் மகள் என்னைத் தேடி வந்தாள். பல்கலைக்கழகம் முடித்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஆங்கிலமும் தமிழும் கலந்துதான் பேசுவாள். கோட்டைக் கழற்றாமலே இருந்தாள்.

"மாமி, நீங்க அதை வேணுமெண்டே செய்தீங்களா? அம்மா அப்பிடித்தான் சொல்லுவா."

"ஓம். வேணுமெண்டுதான்."

அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்டைக்கு ஸ்டேஜில நான் பக்கத்தில நிண்டேன். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. நீங்க ஏதோ பிழை செய்திட்டீங்க எண்டு நினைச்சேன். பிறகு டேப்பைப் பார்த்துப் பார்த்துத்தான் விளங்கினது. ஐ ஆம் சொறி, மாமி. அம்மாவுக்காக."

என் கண் கலங்கியது உண்மை. அவள் தலையைத் தடவினேன். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"நீ ஒண்டும் செய்யேல்லை, ராசாத்தி. இந்த மன்னிப்பு நீ கேக்க வேண்டியதில்லை. கொம்மா வந்து கேக்கட்டும்."

"அவ வரமாட்டா, மாமி."

"தெரியும்."

அதற்குப் பிறகு அவள் மாதம் ஒருமுறையாவது வருவாள், என் கையால் சமைத்த சோறும் ஆட்டிறைச்சிக் கறியும் சாப்பிட்டுவிட்டுப் போவாள். போகும்போது, "அம்மாட்ட என்ன சொல்ல?" என்று விளையாட்டாகக் கேட்பாள். வயிறு நிறையச் சாப்பிட்டேன் என்று சொல்லு என்பேன். மகள் எங்கே போய்ச் சாப்பிடுகிறாள் என்று மச்சாளுக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் தெரியும்.